இயன் ஸ்டீலின் ஆய்வுகள்: தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

முதலாண்டு பிஜி

மன்றத்தில் எல்லோருக்கும் வணக்கம். எமர்ஜென்சி மெடிசின் எம்.டி. முதலாண்டு படிக்கிறேன். ஜர்னல் கிளப்பில் (ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் கூட்டம்) வழக்கம்போல ஒரு கட்டுரையை எடுக்காமல், இந்த முறை ஒரு ஆய்வாளரை எடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்ன எழுதினார், அதனால் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். நான் ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீலை எடுத்துக்கொண்டேன். ஒட்டாவா கணுக்கால் விதி, முழங்கால் விதி, கனடிய கழுத்தெலும்பு விதி, கனடிய சி.டி. தலை விதி, அடிபட்டு வந்தவர்களில் யாருக்கு எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் இந்த விதிகள் எல்லாமே அவர் குழுவிலிருந்து வந்தவை. டியூட்டியில் தினமும் இவற்றில் ஒன்றாவது யார் வாயிலாவது வந்துவிடுகிறது.

சிக்கல் 'தாக்கம்' என்ற பகுதியில்தான். மேற்கோள் எண்ணிக்கையையும் எச்-இன்டெக்ஸையும் (மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை மதிப்பிடும் எண்) ஒரு ஸ்லைடில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அதைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்? வேறு எப்படிச் சொல்லலாம்? எந்தக் கட்டுரையில் தொடங்கலாம்?

பழைய கேஷுவாலிட்டி

1992-இல் தொடங்குங்கள் தம்பி. ஆனல்ஸ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின் இதழில் வந்த கணுக்கால் கட்டுரை. அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று இன்றைக்குப் படிப்பவர்களுக்குத் தெரியாது. கால் பிசகி வந்தால் எக்ஸ்ரே, அவ்வளவுதான். எடுத்ததில் பெரும்பாலானவற்றில் முறிவே இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கு எடுக்காமல் விடலாம் என்று சொல்ல யாருக்கும் துணிவு கிடையாது.

அவர்கள் செய்தது பார்க்க எளிமையான வேலை. 750 பேரை எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் 32 அறிகுறிகளைப் பார்த்து எழுதினார்கள். எக்ஸ்ரே முடிவு தெரிவதற்கு முன்பே படிவத்தை நிரப்பிவிட வேண்டும். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே பதில் வருகிறதா என்றும் சோதித்தார்கள். ஆளுக்கு ஆள் பதில் மாறுகிற அறிகுறிகள் கழிந்துபோயின. மிச்சமானவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில விஷயங்கள்தான்.

நீங்கள் பேசும்போது விதியை ஸ்லைடில் படிக்காதீர்கள், யாரையாவது உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள். வெளிப்பக்கக் கணுக்காலெலும்பின் பின் விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். முன்பக்கம் தொட்டால் வெறும் சுளுக்குக்கும் வலிக்கும், ஏனென்றால் கிழிந்த தசைநார் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் 'பின் விளிம்பு' என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பின் விளிம்பில் வலித்தால் எக்ஸ்ரே; உள்பக்கமும் அப்படியே. அப்புறம் நான்கு அடி எடுத்து வைத்து நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நொண்டினாலும் அது நடைதான். எடை போட முடிகிறதா என்பதுதான் கேள்வி, அழகாக நடக்கிறாரா என்பது அல்ல. அடிபட்ட உடனேயும் நடக்க முடியவில்லை, இங்கே வந்த பிறகும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே.

பாதத்துக்கும் இதே மாதிரிதான்: ஐந்தாவது மெட்டாடார்சலின் (சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள பாத எலும்பு) அடி, பாதத்தின் உள்பக்கமுள்ள நேவிகுலர் எலும்பு, நடை.

எண்ணும் எழுத்தும்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மருத்துவன் இல்லை, புள்ளியியல் ஆள். என் பார்வையில் ஸ்டீலின் பெரிய பங்களிப்பு கணுக்கால் அல்ல, ஒரு விதியை எப்படி உருவாக்க வேண்டும் என்ற ஒழுங்கு. அதை முதலில் சொன்னவர் அவரும் அல்ல. 1985-இலேயே வாசனும் கூட்டாளிகளும் நியூ இங்கிலாந்து ஜர்னலில் இப்படிப்பட்ட விதிகளுக்கான தரங்களை எழுதிவிட்டார்கள். 1997-இல் லாபாசிஸ், சேகர், ஸ்டீல் மூவரும் ஜாமா மருத்துவ இதழில் அதைத் திருத்தி விரித்தார்கள். 1999-இல் ஸ்டீலும் வெல்ஸும் அவசர மருத்துவத்துக்கென்றே தனியாக ஒன்று எழுதினார்கள்.

சாரம் இதுதான்: விதியை உருவாக்கு, புதிய நோயாளிகளிடம் சோதி, பிறகு நிஜ மருத்துவமனையில் கொடுத்துவிட்டு மருத்துவர்களின் நடத்தை மாறுகிறதா என்று பார். மூன்றும் தனித்தனி வேலைகள். பெரும்பாலான ஆய்வுக் குழுக்கள் முதல் படியிலேயே கட்டுரையை வெளியிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். 'எங்கள் மாடல் கணிப்புத் திறனில் 0.9 வாங்கியது' என்று ஒரு வரைபடம், அத்தோடு கதை முடிந்தது. ஸ்டீல் 1993-இல் முதலில் 1,032 பேரிடம் விதியைச் செம்மைப்படுத்தி, பிறகு இன்னொரு 453 பேரிடம் சோதித்தார். 1994-இல் மூன்றாவது படி: ஒரு மருத்துவமனையில் விதியை அறிமுகப்படுத்தி, இன்னொன்றைச் சும்மா விட்டுவிட்டு ஒப்பிட்டார். முதலாவதில் கணுக்கால் எக்ஸ்ரே 28 சதவீதம் குறைந்தது. மற்றதில் 2 சதவீதம் கூடியது.

அந்த 28 சதவீதம்தான் தாக்கம். மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு.

குறுக்குக் கேள்வி

எல்லோரும் கை தட்டுகிறீர்கள், அதனால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

ஒன்று, ஒரே குழு முப்பது வருடமாக ஒரே பாணியில் விதி எழுதினால், ஒவ்வொரு புதுக் கட்டுரையும் பழையதை மேற்கோள் காட்டும். எண்ணிக்கை தானாகவே ஏறும். இரண்டு, ஒரு கணுக்கால் எக்ஸ்ரே என்பது மருத்துவத்திலேயே மலிவான சமாச்சாரம். அதைக் குறைத்ததற்கா இவ்வளவு? மூன்று, முறிவைத் தவறவிடக் கூடாது என்று விதியை இறுக்கிக்கொண்டே போனால், கடைசியில் 'எல்லோருக்கும் எடு' என்றுதான் முடியும். அதே ஒட்டாவாவிலிருந்து வந்த மூளை உறை ரத்தக்கசிவு விதியைப் பாருங்கள். ஜெஃப் பெர்ரி தலைமையில், 2013 ஜாமாவில் வந்தது. சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களைப் பிடிக்கும் திறன்) 100 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவர்களைச் சரியாக விடுவிக்கும் திறன்) 15.3. அதாவது நோய் இல்லாதவர்களில் ஆறில் ஐந்து பேரை அந்த விதி வீட்டுக்கு அனுப்பாது. இதற்கு ஒரு விதி எதற்கு?

எக்ஸ்ரே அறை

மலிவு என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றது டாக்டர்கள் பாடு. நான் ரேடியோகிராபர். ஒரு படத்தின் செலவைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். கணுக்கால் வீங்கிய ஆள் வீல்சேரில் வெளியே காத்திருப்பார். அவருக்குப் பின்னால் இடுப்பெலும்பு உடைந்த பாட்டி ஸ்ட்ரெச்சரில் இருப்பார். முன்னவர் எழுந்து நடந்து போயிருக்க வேண்டியவர் என்றால், பாட்டி படுத்திருந்த நேரமும் அந்தக் கணக்கில்தான் வரும். அந்த 1994 கட்டுரையிலேயே இது இருக்கிறது. முறிவு இல்லாமல், எக்ஸ்ரேயும் எடுக்காமல் போனவர்கள் சராசரியாக 80 நிமிடத்தில் கிளம்பினார்கள். எடுத்துவிட்டுப் போனவர்களுக்கு 116 நிமிடம்.

பழைய கேஷுவாலிட்டி

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு.

குறுக்குக் கேள்வி நண்பரின் முதல் கேள்விக்கு: சொந்த மேற்கோள் எல்லாக் குழுவிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெளியாட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கணுக்கால் விதியை பிரான்சில் நடைமுறைப்படுத்திப் பார்த்து 1997-இல் ஜாமாவில் எழுதினார்கள். 2003-இல் பாக்மன் குழு பி.எம்.ஜே. இதழில் ஒரு தொகுப்பாய்வு போட்டது: 27 ஆய்வுகள், 15,581 நோயாளிகள். அவர்களில் விதி 'வேண்டாம்' என்று சொல்லியும் முறிவு இருந்தவர்கள் 47 பேர், அதாவது 0.3 சதவீதம். ஸ்டீலுக்குச் சம்பந்தமில்லாத நாடுகளில், சம்பந்தமில்லாத கைகள் அழுத்திப் பார்த்தும் விதி தாங்கியிருக்கிறது. ஒரு ஆய்வின் தாக்கத்துக்கு இதைவிடச் சாட்சி தேடாதீர்கள்.

இன்னொரு விஷயம். இன்றைக்கு 'ஒட்டாவா நெகட்டிவ்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிற ஜூனியர் 1992 கட்டுரையைப் படித்திருக்க மாட்டார். பாடப்புத்தகம் எழுதுகிறவரும் அதை மேற்கோள் காட்ட மெனக்கெட மாட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டால் யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எப்போதோ எழுதிவிட்டார்: ஒரு கருத்து பொதுச்சொத்தாகும்போது, மூலக்கட்டுரை கண்ணிலிருந்து மறைந்துவிடும். எச்-இன்டெக்ஸுக்கு அதெல்லாம் தெரியாது.

எண்ணும் எழுத்தும்

மூன்றாவது கேள்விக்கு நான். ஸ்பெசிஃபிசிட்டியைத் தனியாக எடுத்துப் பேசினால் பிழையான படம்தான் கிடைக்கும். அந்த விதி இல்லாவிட்டால் மருத்துவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதோடு ஒப்பிட வேண்டும். திடீர் தலைவலியில் ரத்தக்கசிவைத் தவறவிட்டால் ஆள் செத்துப்போகலாம். அங்கே 15 சதவீதமும் ஏதோ ஒன்று. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஏற்கெனவே கவனமாக ஸ்கேன் எடுக்கிற இடத்தில் இப்படிப்பட்ட விதியைக் கொண்டுவந்தால் ஸ்கேன் கூடவும் வாய்ப்பு உண்டு.

குறுக்குக் கேள்வி

ஆக, ஒரு புள்ளி எனக்கு. சரி, கழுத்துக்கு வாருங்கள். அங்கேதான் எனக்கு உண்மையான மனத்தாங்கல்.

2000-இல் நெக்ஸஸ் என்ற கழுத்து விதி வந்தது. ஜெரோம் ஹாஃப்மன் குழு, அமெரிக்காவில் 21 மையங்கள், 34,069 நோயாளிகள். கழுத்தெலும்பு அடிபட்டிருந்த 818 பேரில் தவறியது 8 பேர். ஐந்தே கேள்விகள்: நடுக்கழுத்தில் அழுத்தினால் வலி, நரம்புக் குறைபாடு, தெளிவான நினைவு, போதை, கவனத்தைத் திருப்பும் வேறு காயம். மனப்பாடமாகிவிடும். அடுத்த ஆண்டே ஸ்டீல் 8,924 பேரை வைத்துத் தன் கனடிய விதியை ஜாமாவில் போட்டார். 2003-இல் இரண்டையும் ஒப்பிட்டு நியூ இங்கிலாந்து ஜர்னலில் எழுதினார், கனடிய விதிதான் சிறந்தது என்று. ஒப்பிட்டவர் யார்? அதே ஸ்டீல். எங்கே? கனடிய மருத்துவமனைகளில், கனடிய விதியில் பழகிய மருத்துவர்களை வைத்து. ஆட்டக்காரரே நடுவராகவும் நின்ற மாதிரி இல்லையா?

பழைய கேஷுவாலிட்டி

இந்த ஆட்சேபம் அந்தக் காலத்திலேயே எழுந்ததுதான், நியாயமானதும்கூட. ஆனால் கட்டுரையைத் திறந்து எண்களைப் பாருங்கள். 8,283 பேர், அவர்களில் முக்கியமான காயம் 169 பேருக்கு. கனடிய விதி ஒருவரைத் தவறவிட்டிருக்கும், நெக்ஸஸ் 16 பேரை. சென்சிட்டிவிட்டி 99.4-க்கு எதிராக 90.7. இந்த இடைவெளி முழுவதையும் பாரபட்சத்தின் தலையில் கட்ட முடியுமா? எனக்குச் சந்தேகம்.

தம்பி, உங்களுக்கு இதைவிடச் சுவையான இடம் அதே கட்டுரையில் இருக்கிறது. கனடிய விதியின் கடைசிப் படி, நோயாளியே கழுத்தை இடமும் வலமும் 45 பாகை திருப்ப வேண்டும். கவனியுங்கள், நாம் பிடித்துத் திருப்புவது இல்லை, அவரே திருப்ப வேண்டும். ஆய்வில் சேர்ந்த மருத்துவர்களே 845 பேரிடம் அதைச் செய்து பார்க்கவில்லை. 10.2 சதவீதம். ஏன்? பயம்தான், வேறென்ன. அடிபட்ட கழுத்தைத் திருப்பச் சொல்ல வாய் வராது. விதியை எழுதுவது ஒன்று, ராத்திரி ஒரு மணிக்கு அந்த வாக்கியத்தைச் சொல்வது இன்னொன்று.

சைரன்

ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்து ஒருவன். நீங்கள் எல்லோரும் விதிகளையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஸ்டீலின் மிகத் துணிச்சலான வேலை ஓபால்ஸ்தான். ஒண்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களைப் பற்றிய ஆய்வு.

இரண்டு படியாகச் செய்தார்கள். முதலில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் சீக்கிரம் போய்ச் சேரும்படி அமைப்பைச் சீர்படுத்தினார்கள். 1999-இல் வந்த முடிவு: உயிரோடு வீடு திரும்பியவர்கள் 3.9-இலிருந்து 5.2 சதவீதமானார்கள். பிறகு அதற்கு மேல், மூச்சுக்குழாய் பொருத்துவது, நரம்பு வழியே மருந்து கொடுப்பது எல்லாம் தெரிந்த பாராமெடிக்குகளைச் சேர்த்தார்கள். 17 நகரங்கள், 5,638 நோயாளிகள். 2004-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த முடிவு: 5.0 சதவீதம் 5.1 ஆனது. அவ்வளவுதான்.

படித்தபோது எங்கள் ஆட்களுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வருடக்கணக்கில் கற்ற வித்தைக்கு 0.1. அதே கட்டுரையில் எது உதவியது என்றும் இருக்கிறது: விழும்போது யாராவது பார்த்திருப்பது, பக்கத்தில் நிற்கிறவர் நெஞ்சை அழுத்தத் தொடங்குவது, 8 நிமிடத்துக்குள் ஷாக். மூன்றிலும் பிழைக்கும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு. சேவையை நடத்துகிறவர்கள் பயிற்சிப் பணத்தை எங்கே போட வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதை வைத்து 'பாராமெடிக் எதற்கும் உதவாது' என்று பேசுகிறவர்கள் உண்டு. மூச்சுத்திணறலுக்கான ஓபால்ஸ் கிளையில், 2007, இறப்பு 14.3-இலிருந்து 12.4 சதவீதமாகக் குறைந்தது. பெரிய விபத்துக் காயங்களுக்கான கிளையில், 2008, பலன் இல்லை. எந்த நோயாளிக்கு என்பதுதான் கேள்வி.

முதலாண்டு பிஜி

எல்லோருக்கும் நன்றி. ஓபால்ஸைச் சேர்க்க நினைக்கவே இல்லை. சைரன் அண்ணா, உங்கள் பதிவுக்குப் பிறகு தேடியதில், 1992-இலேயே ஸ்டீல் இதயநிறுத்தத்தில் அதிக அளவு எபிநெஃப்ரின் பற்றி நியூ இங்கிலாந்து ஜர்னலில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். 650 நோயாளிகள், அதிக டோஸால் பலன் இல்லை. கணுக்கால் கட்டுரை வந்த அதே ஆண்டு!

சைரன்

ஆமாம், 'இதனால் பலன் இல்லை' என்று எழுதுவதில் அவருக்குப் பழைய அனுபவம்தான்.

எண்ணும் எழுத்தும்

அந்த வரிசையில் அவருடைய சொந்த விதியே வருகிறது, அதைத்தான் நீங்கள் நடுவில் வைக்க வேண்டும் என்பேன்.

கனடிய சி.டி. தலை விதி 2001-இல் லான்செட்டில் வந்தது. 3,121 பேர். 2005-இல் இதே வேலைக்கான இன்னொரு விதியான நியூ ஆர்லியன்ஸ் அளவுகோலோடு ஒப்பிட்டார்கள். மூளை அறுவை தேவைப்பட்டவர்களை இரண்டுமே தவறவிடவில்லை, ஆனால் ஸ்பெசிஃபிசிட்டி 76.3-க்கு எதிராக 12.1. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு 2003-இல் வெளியிட்ட தலைக்காய வழிகாட்டி இந்த விதியைத் தழுவித்தான் எழுதப்பட்டது. ஒரு விதிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு மூன்றாவது படி. 12 அவசரப் பிரிவுகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு விதியை முறையாகக் கொடுத்தார்கள். 2010-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் முடிவு வந்தது. விதி கொடுத்த இடங்களில் சி.டி. எடுப்பது 62.8-இலிருந்து 76.2 சதவீதமாக ஏறியது. கொடுக்காத இடங்களில் 67.5-இலிருந்து 74.1. குறைக்க வந்த விதியைக் கொடுத்தும் ஸ்கேன் கூடித்தான் போனது.

இத்தனைக்கும், இதே முறையில் கழுத்து விதியைச் சோதித்தபோது அது வேலை செய்தது. பி.எம்.ஜே., 2009: விதி கொடுத்த மருத்துவமனைகளில் படமெடுப்பு 61.7-இலிருந்து 53.3 சதவீதமானது, மற்றவற்றில் 52.8-இலிருந்து 58.9 ஆனது. ஒரே குழு, ஒரே முறை, ஒரே காலகட்டம். ஒன்று பிடித்தது, மற்றது வழுக்கியது.

குறுக்குக் கேள்வி

இதைத்தான் நான் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தோற்றுப்போனதைத் தானே வெளியிட்ட ஆளுக்கு ஒரு சலாம். 2001 தலைவிதிக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் 2010 கட்டுரையையும் படித்திருப்பார்கள்?

எக்ஸ்ரே அறை

'தலைவிதி' என்று சேர்த்து எழுதிவிட்டீர்களே ஐயா.

பழைய கேஷுவாலிட்டி

சி.டி. விஷயத்தில் எனக்குத் தோன்றுகிற காரணம்: அந்தக் காலகட்டத்தில் ஸ்கேனர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. முடிவு நிமிடங்களில் வரும், உறவினர்களும் ஸ்கேனைத்தான் கேட்பார்கள். கழுத்துக்கு அப்படி இல்லை. காலர் போட்டுப் பலகையில் படுக்க வைத்த நோயாளி 'எப்போ எடுப்பீங்க' என்று கத்திக்கொண்டிருப்பார். அவரை விடுவிக்க நர்ஸுக்கும் ஆசை, மருத்துவருக்கும் ஆசை. விதி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஆட்களுக்கும் ஆசை இருந்தால் விதி பிடித்துக்கொள்ளும். இது என் கணிப்பு மட்டுமே.

தாக்கத்தில் இன்னொரு பகுதியை விட்டுவிடாதீர்கள்: அடுத்த தலைமுறை. பெர்ரி பெயர் ஏற்கெனவே வந்தது. மயக்கம் போட்டு விழுந்தவர்களுக்கான கனடிய மதிப்பெண்ணை 2016-இல் உருவாக்கியவர் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தி, ஒட்டாவாதான். 4,030 பேர், அதில் 147 பேருக்கு 30 நாட்களுக்குள் தீவிரச் சிக்கல். 2020-இல் வேறு 3,819 பேரிடம் சோதித்து ஜாமா இன்டர்னல் மெடிசினில் போட்டார். அதே படிமுறை. (அந்தப் பெயரை மற்ற நாட்டுக்காரர்கள் மேடையில் உச்சரிப்பதைக் கேட்க வேண்டும். நமக்கு மட்டும் மூச்சு வாங்காது.)

முதலாண்டு பிஜி

வரிசை ஒரு மாதிரி வந்துவிட்டது. கணுக்காலைச் செய்து காட்டி, 1994-இன் 28 சதவீதம், கழுத்துச் சண்டை, பிறகு 2009, 2010 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசியில் ஓபால்ஸ். எச்-இன்டெக்ஸ் ஸ்லைடை எடுத்துவிட்டேன்.

எக்ஸ்ரே அறை

ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் தலையில் இடித்துக்கொண்டு வந்தால், இந்தத் தலை விதி என்ன சொல்கிறது? இது பற்றி எங்கள் இடத்தில் வாரா வாரம் வாக்குவாதம்.

பழைய கேஷுவாலிட்டி

ஒன்றும் சொல்லவில்லை அக்கா. அவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை, அதனால் 'விதிப்படி ஸ்கேன் வேண்டாம்' என்று அவரை அனுப்ப யாருக்கும் உரிமை கிடையாது. 16 வயதுக்குக் கீழே, வலிப்பு வந்த பிறகு வந்தவர்கள், இவர்களும் வெளியே. இன்னொரு பக்கம், நினைவு தப்பாமல், மறதியும் குழப்பமும் இல்லாமல் வெறுமனே இடித்துக்கொண்டவரும் அந்த ஆய்வில் இல்லை. நடைமுறையில் விதியை அதிகமாகத் தப்பாகப் போடுவது இவர்களிடம்தான். 65 வயது தாண்டியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்கேன் எழுதி, 'கனடிய விதி' என்று காரணம் போடுவார்கள். தம்பி, யார் யாருக்கு விதி பொருந்தாது என்று ஒரு ஸ்லைடு தனியாகப் போட்டுவிடுங்கள். கேள்வி நேரத்தில் முதல் கை அதற்குத்தான் தூக்குவார்கள்.